ஆஸ்பத்திரித் தரையில் விளங்கிய தேற்றம்

காய்ச்சல் வருவதற்கு முதல்நாள், என் மகள் நிலானி கணக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். "செங்கோண முக்கோணத்தில ரெண்டு சின்னப் பக்கத்துச் சதுரமும் சேந்தால் பெரிய பக்கத்துச் சதுரம் வருமாம். ஏன் அம்மா?"

"எனக்கும் விளங்கேல்லை பிள்ளை. முதல் விளங்கிற ஆள் மற்ற ஆளுக்குச் சொல்ல வேணும்."

டெங்கு அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சதுரக் கல்லும் மூலைக்கு மூலை கோடிழுத்து, சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு முக்கோணமாக இருந்தது. ஒரு முக்கோணத்தின் இரண்டு சின்னப் பக்கங்களிலும் ஒவ்வொரு சதுரக் கல், கல்லுக்கு இரண்டு முக்கோணம். மொத்தம் நாலு முக்கோணம். நீளப் பக்கத்தில் சாய்ந்து கிடந்த சதுரத்திலும் நாலு முக்கோணம்!

அவளுக்கு உடனே சொல்ல வேண்டுமென்று சிரித்துக்கொண்டே எழும்பினேன். தாதி வெளியே வந்தார். "அம்மா, இப்பிடி இருங்கோ."

செய்தியைக் கேட்கும்போதும் என் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. என் பிள்ளையின் உயிர் போன நேரத்தில் நான் சந்தோசமாக இருந்திருக்கிறேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் பள்ளிமுனையில் சவப்பெட்டியை மூட முன், குனிந்து அவள் காதுக்குள் சொன்னேன்: "அங்காலயும் நாலு, இஞ்சாலயும் நாலு, பிள்ளை."

நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்து, சுற்றி நின்ற சனம் சிலுவை போட்டுக்கொண்டது.