ஜம்ஜம் கேனும் என் சீட்டும்

தாத்தா முதல் தொட்டில் பிள்ளை வரை ஒரு கூட்டமே குடியிருக்கிற வீட்டுக்கு, இரண்டே பேர் உட்காருகிற கார் ஒன்றைக் கட்டுகிறவரை என்னவென்று சொல்வது? அத்தா ‘கிறுக்கன்’ என்றார். சொந்தத் தம்பியைத்தானே சொன்னார், அவருக்கு உரிமை இருந்தது. பாலக்கரையில் எங்கள் சந்தில் இருந்த மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போன பிறகு சொன்னார்கள்.

அந்தத் தம்பிதான் என் சாச்சா. சவூதியில் ஒரு கராஜில் பல வருஷம் வேலை பார்த்தவர். கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறியவர், அதன் பிறகு லீவுக்கு லீவுதான் சாச்சியின் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு லீவிலும் “இனிமே போகல” என்பார். கொஞ்ச நாளில் டிக்கெட் வந்துவிடும், போய்விடுவார். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷமும் வந்தார். அதையேதான் சொன்னார். வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து விசாரித்தால் சாச்சி, “லீவுல வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விடுவாள்.

இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். நடுவில் நான் இருந்தேன். “சாச்சாவ சாப்பிட வரச் சொல்லு” என்பாள் சாச்சி. சாச்சா மூன்றடி தள்ளித்தான் நிற்பார், காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் கை கழுவுவார். அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பெருமை.

கார் கொல்லைப்புறத்தில் வளர்ந்தது. பழைய வேன் ஒன்றின் எஞ்சினும் சக்கரமும், பற்றவைத்த இரும்புக் குழாய்கள், அதன் மேல் தகரம். கூரை கிடையாது, கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். சிவப்புப் பெயிண்ட் அடித்த அன்று, “ஒரு சீட்டு உங்களுக்கு, இன்னொண்ணு யாருக்கு சாச்சா?” என்று கேட்டேன். பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமல் “உங்க சாச்சிக்கு” என்றார். கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

நல்ல வேளையாக சாச்சி அந்தப் பக்கமே வரவில்லை. சீட்டு காலியாகக் கிடந்தது. நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குத் துணையாக ஒரு கேனும் இருந்தது. எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரில் பொங்குகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியே வரும். அதைப் பிடித்து வைக்க ஒரு டேங்க் வேண்டும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரே அந்தத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சாச்சா அதற்குக் கடைக்குப் போகவில்லை. அவர் உம்ரா யாத்திரைக்குப் போனபோது மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரை ஊரெல்லாம் பங்கு வைத்து முடித்திருந்தோம். அந்தப் புனிதத் தண்ணீர் இருந்த கேன் என்பதால் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராமல் பரணில் கிடந்தது. “வண்டிக்கு பரக்கத்தா இருக்கும், ஒரு கொறையும் வராது” என்று அதையே எடுத்து மாட்டிவிட்டார். பானெட்டுக்குள் தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லாததால் அதை என் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் முடுக்கினார். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். எனக்கோ கால் அவ்வளவு தூரம் எட்டவே எட்டாது. அந்த சீட்டு எனக்கென்றே ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து என்னை எழுப்புவார். காந்தி மார்க்கெட் வரை போவோம். சில நாள் காவிரிப் பாலம் வரைக்கும் போவோம். அங்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார். எனக்கு பன். உலகத்தில் வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் சாச்சா என்னைக் கூப்பிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சாச்சிய ஒரு ரவுண்டு வரியான்னு கேளேன்” என்றார். வேண்டா வெறுப்பாகப் போய்க் கேட்டேன். சாச்சி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கொல்லைப்படி வரை வந்தாள். வண்டியைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். கீழே கேனைப் பார்த்தாள்.

“சாச்சாகிட்ட சொல்லு. ஜம்ஜம் கேன் இருக்குற எடத்துல கால வெக்க எனக்கு மனசு வரல.”

அடடா, என்ன பேச்சு! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கேன் இருக்கும் வரை அவள் ஏற மாட்டாள். சீட்டு எனக்கே எனக்கு. ஆனால் சாச்சா அந்தக் கேனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஸ்பேனரைத் தேடப் போனார். எனக்குப் பகீர் என்றது.

மறுநாள் கேன் சீட்டுக்குப் பின்னால் போயிருந்தது. அவ்வளவு தூரத்துக்குக் குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருந்தார். அன்று காவிரிப் பாலத்துக்கு நடுவில் போகும்போது முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. சாச்சா வண்டியை ஓரங்கட்டினார். குழாய் வளைவில் காற்று அடைத்துக்கொண்டு, கேனுக்குப் போன தண்ணீர் திரும்பி வராமல் ரேடியேட்டர் வற்றிப்போயிருந்தது. ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து மொபெட்டில் வந்த நாமம் போட்ட பெரியவர் ஒருவர், “மூடியத் தொட்டுடாதேள், கை வெந்துடும். ஆறட்டும்” என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி ஆறி, தண்ணீர் ஊற்றி, நாங்கள் வீடு திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது.

சாச்சி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். சமையலறையில் கட்டியிருந்த புடவையோடு, தலையில் முக்காட்டை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். வண்டி நின்றதும், என்னைத் தாண்டி, நேராக சாச்சாவைப் பார்த்துக் கேட்டாள்:

“எங்க போனீங்க இவ்வளவு நேரம்? ஒரு போன் பண்ணக் கூடாதா?”

சாச்சிக்கே, தான் அவரிடம் நேராகப் பேசிவிட்டது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று கேன் பக்கம் திரும்பி, “இது என்ன, பின்னால கொண்டுபோய் வெச்சிருக்கீங்க? அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டா உக்காருவாங்க?” என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். என்னைக் காணாமல்தான் இப்படிப் பதறிப் போயிருக்கிறாள், என் சீட்டையும் காப்பாற்றித் தருகிறாள்.

அடுத்து கேன் முன்பக்கம், பம்பருக்குப் பக்கத்தில் போனது. சாச்சி இந்த முறை படியிறங்கி வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து குனிந்து பார்த்தாள். “மழ பெஞ்சா நம்ம ரோட்டு சாக்கடத் தண்ணியெல்லாம் இது மேலதான் தெறிக்கும்” என்றாள். சாச்சா “ஆமா, அதுவும் சரிதான்” என்று சிரித்துக்கொண்டே கழற்றினார். கட்டி முடித்ததைக் கழற்றச் சொன்னால் யாராவது சிரிப்பார்களா? இவர் சிரித்தார்.

திண்டாட்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல் அத்தா ஒரு யோசனை சொன்னார். “ஏன்டா, கையளவு டேங்க் கடையில விக்கிறான். அத வாங்கி எங்கயாவது சொருகிட்டு, இந்தக் கேன மறுபடியும் பரண்ல வெச்சிட்டா முடிஞ்சு போச்சு. அஞ்சு நிமிஷ வேல.”

அப்படிச் செய்தால் என் சீட்டு போச்சு. சாச்சா கேட்காத மாதிரி நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாச்சியும் கேட்காத மாதிரி நின்றாள். அத்தா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செவிடானது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சாச்சா பானெட் தகரத்தையே வெட்டினார். கண்ணாடிக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு இரும்புத் தாங்கி வைத்து அதில் கேனை நிறுத்துவது என்று முடிவானது. மாலை அஸர் தொழுகை முடிந்தால் வேலை ஆரம்பமாகும். சாச்சி டார்ச் பிடித்தாள். பிறகு குழாயைப் பிடித்தாள். பிறகு சாச்சா கேட்பதற்கு முன்பே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள்.

“இன்னும் கொஞ்சம் மேல” என்பாள் சாச்சி.

“இப்படியா?”

“இன்னும்.”

“இதுக்கு மேல போனா ரோடு தெரியாது.”

“அப்ப இதுக்கு முன்னாடி வெச்ச எடந்தான் சரி.”

ஒரு கேனை உயர்த்துவதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. மறுநாள் சாயங்காலமும் போனது. நடுநடுவே சவூதி வெயிலைப் பற்றி, அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதைப் பற்றி சாச்சா சொல்லிக்கொண்டிருந்தார். சாச்சி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, “சாச்சி, சாச்சாகிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, நீ போய் விளையாடு” என்றாள். என் பெருமைக்குரிய உத்தியோகம் அத்தோடு போய்விட்டது. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்கள்.

வேலை முடிந்தபோது வண்டிக்குத் திமில் முளைத்துவிட்டது. தெருப் பையன்கள் “ஒட்டகம்” என்று பேர் வைத்தார்கள். சாச்சா அதற்குக் கோபப்படவில்லை. பாலம் வரை தனியாக ஓட்டிப் போய் வந்தார். ஆவியும் இல்லை ஒன்றும் இல்லை, தண்ணீர் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியது.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் எழுப்பாமல் நானே எழுந்து, தலை வாரி, போய் என் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சாச்சா வந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். கிளம்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் சாச்சி வந்தாள். புது புர்கா. கையில் ஒரு பை, அதில் பிறந்த வீட்டுக்கு ஏதோ பலகாரம்.

“இறங்கு கண்ணு. நாங்க முசிறிக்குப் போயிட்டு வரோம்.”

இறங்குவேனா? என்னிடம் ஒரு கடைசி ஆயுதம் இருந்தது. இரவெல்லாம் யோசித்துத் தயார் செய்தது.

“சாச்சி, நீங்க இங்க உக்காந்து கால நீட்டுனா கேனுக்கு நேராத்தானே நீட்டணும்? கேன் முன்னாலதானே இருக்கு? தப்பில்லையா?”

சாச்சி கேனைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு சாச்சாவைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. மறுபடியும் ஸ்பேனரைத் தேட வேண்டியிருக்கும் என்று பயந்திருப்பார். சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அட போ புள்ள. அது வெறும் கேன்தானே.”

என்னைத் தூக்கித் தரையில் விட்டுவிட்டு, புர்காவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சாச்சா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். ஒட்டகம் தெருமுனையைத் தாண்டிப் போயே போய்விட்டது.

வெறும் கேனா? அப்படியானால் இத்தனை நாள் எதற்கு இந்தப் பாடு? கால் படக்கூடாது, முதுகு காட்டக்கூடாது, சாக்கடை தெறிக்கக்கூடாது என்று அடுக்கியதெல்லாம் என்ன ஆயிற்று? இப்படி ஒரு துரோகமா! அழுதுகொண்டே உள்ளே ஓடி அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வாசலுக்கு வந்து, வண்டி போன திசையைப் பார்த்தாள்.

“ஏறி உக்காந்துட்டாளா?” என்றாள். “நெசமாவே உக்காந்துட்டாளா?”

“ஆமாம்மா. என் சீட்டுல.”

அம்மா மாவுக் கையை உயர்த்தி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க மறுபடியும் நிறைந்தது. எனக்காக இவ்வளவு அழுகிறாளே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பரவால்லம்மா, அழாத. சாயங்காலம் திரும்பி வந்துடுவாங்க” என்று சொல்லி அவளைத் தேற்றினேன்.