பாறைமேல் படுத்திருந்த புலி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் படம் என்றால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் கைக்கு மேல் ஒரு கை கிடையாது.

தோட்டத்து மாட்டுப்பட்டியில் முப்பது வருஷம் வேலை. மலைமேல் புல்வெளியில் மாடு மேயும்போது மரைமான் வரும், பன்றி வரும். பார்த்ததையெல்லாம் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவரில் சுண்ணாம்பாலும் அடுப்புக்கரியாலும் போடுவேன். கொம்பு எந்தப் பக்கம் வளைந்ததோ, அப்படியே.

“பாட்டி போட்ட பசுவுல பாலே கறக்கலாம்” என்று லயத்தில் அடுத்த அறையில் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரன் கேலி பண்ணுவான்.

போன வருஷம் புல் அறுக்கப் போன இடத்தில் ஒரு சிறுத்தை. நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். பாறைமேல் படுத்திருந்தது. மடியைப் பார்த்தால் குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய். புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வந்தேன். மறுநாள் அதைச் சுவரில் வரைந்தேன், வெடித்த பாறையோடும் பக்கத்தில் ஒடிந்து நின்ற மரத்தோடும்.

பக்கத்துக் காம்பராக்காரன் நின்று பார்த்தான். அவனுடைய நாயைப் புலி தூக்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“இப்படி ஒரு கல்லு எங்க இருக்கு பாட்டி? சும்மா கைக்கு வந்தத போட்டுருக்கீங்க.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கண்ணால பாக்காதத நான் போட மாட்டேன். பட்டிக்கு மேல ஏறி, தண்ணி ஓடுற கான் ரெண்டா பிரியிற எடத்துல பாரு. ஒரு வெடிப்பு மாறியிருந்தா வந்து என்னையக் கேளு.”

அவன் போய்ப் பார்த்தான். எட்டாம் நாள், அதே பாறைமேல், சுருக்குக் கம்பி இடுப்பில் இறுகிப் புலி செத்துக் கிடந்தது.

“பன்னிக்குத்தான் கட்டுனேன் பாட்டி.”

“பன்னி பாறையில ஏறுமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் வழி சொன்னது நான்தானே. சுவரைச் சுண்ணாம்பு பூசி அழித்தேன். குட்டிகளைத் தேடி நாலு நாள் அலைந்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

இந்த மாதம் ஓரிடத்தில் ஒரு இளம் புலியைக் கண்டேன். விலா எலும்பு தெரிந்தது. அதன் குட்டிதானா, தெரியாது. வரையாமல் இருக்க முடியவில்லை. ஆனால் கல்லும் இல்லை, மரமும் இல்லை, வெறும் சுவரில் நிற்கிறது.

“எங்க பாத்தீங்க?” என்று அவன் கேட்டான்.

“கனவுல.”

பொய்க்காரி என்று நினைத்தால் நினைக்கட்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

“இத மொதல்லயிருந்து வாசிச்சுக் காட்டு பிள்ள. அந்தக் குட்டி நிக்கிற எடம் தெரியிற மாதிரி ஏதாச்சும் எழுதியிருந்தா, அந்த வரிய அடிச்சிரு.”