பொட்டு வைத்த பிளேட்டு

கருத்தக்கண்ணன் எனக்கு முதலில் அண்ணன் மகன், பிறகுதான் மருமகன். அதனால் அவனை இரண்டு விதமாகக் கூப்பிடுவேன். நாலு பேர் முன்னால் ‘வாங்க மாப்ள’. கோபம் வந்தால் ‘வாடா’. பேஸ்பால் என்ற விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து ‘வாடா’தான் அதிகம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், அவன் மகள் அஸ்வினி எழுதுகிறாள். அப்பாவுக்குச் சாதகமாக எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. ஆறு நாளும் இரும்பைக் கடைவான். ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள் வீட்டில் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். இவன் விடிந்ததும் கட்டை, பந்து, கையுறை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குப் போய்விடுவான். என் மகள் சரண்யாதேவி கறிக்குழம்பை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“என்னடா அது, தடியைத் தூக்கிட்டுத் திரியிற? ஊர்ல எவனும் கிரிக்கெட்டு ஆடலையா?” என்று கேட்டேன்.

“கிரிக்கெட்டு ஆட அம்புட்டுப் பேரு இருக்காங்க அத்தை. இதுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

அதுதான் அவன். வராத கூட்டத்துக்குப் பாய் விரிக்கிற ஆள்.

அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். உருட்டுக்கட்டையால் பந்தை அடித்துவிட்டு, சதுரமாக வைத்த நாலு இடத்தையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பினால் ஒரு ரன். புறப்படுகிற இடத்தில் தரையோடு தரையாக ஒரு பலகை பதித்திருக்கும். சின்னப் பிள்ளை சிலேட்டில் வரைகிற வீடு மாதிரி ஐந்து மூலை அதற்கு. அதன் பெயர் பிளேட்டு. பிளேட்டுக்குப் பின்னால் பெரிய கையுறையோடு ஒருவன் குத்தவைத்திருப்பான், அவன் கேட்ச்சர். ஓடி வருகிறவன் பிளேட்டைத் தொடுவதற்குள் கேட்ச்சர் பந்தோடு அவனைத் தொட்டுவிட்டால், அதாவது டேக் பண்ணிவிட்டால், அவுட்டு. இவ்வளவுதான். இதைப் புரிய வைக்கவே அத்தைக்கு இரண்டு வருஷம் ஆச்சு என்று சொல்லிச் சிரிப்பான். புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் ஒருவர் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நன்றாக ஆடுவானாம். பிறகு போலீஸ் வேலைக்குப் போய் நின்றபோது, விளையாட்டு சர்ட்டிபிகேட் இருக்கிறதா, எங்கே ஆடினாய் என்று கேட்டார்கள். “கண்மாயில ஆடுனேன் சார்” என்றான். சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை அவனே சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை எடுத்தது நான்தான், எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நாலு ஊர் அணிகள் மோதுகிற இந்த லீக்கை ஆரம்பித்தான். முதலில் கப்பலூர்ப் பட்டறைப் பையன்கள். அடுத்து கோச்சடையிலிருந்து படித்த வீட்டுப் பிள்ளைகள். அப்புறம் கோரிப்பாளையத்துப் பாய் வீட்டுப் பையன்கள், திருமங்கலத்துக்காரர்கள். கண்மாயில் தண்ணீர் வற்றினால் லீக் தொடங்கும். தண்ணீர் வந்தால் முடியும். கையுறை எல்லாருக்கும் பத்தாது. ஒரு அணி பிடித்து முடித்ததும் கையுறைகளை மண்ணிலேயே போட்டுவிட்டு வரும், எதிரணி எடுத்து மாட்டிக்கொள்ளும். எங்கள் சனத்தின் வியர்வை ஊறிய கையுறையைக் கோச்சடைப் பிச்சுமணி சாரின் மகன் ஸ்ரீகுமார் மாட்டிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். என் அண்ணன், அதாவது இவன் அப்பன், அடுத்தவர் வயலில் வேலை செய்து தனிக் குவளையில் தண்ணீர் குடித்தவன். அவன் இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் மருமகனை நான் திட்டவில்லை.

பிளேட்டை அவனே செய்தான். கம்பெனியில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பரைக் கேட்டு வாங்கி, ஐந்து மூலையாக அறுத்து, ஓரத்தை ராவி, வெள்ளைப் பெயிண்டு அடித்தான். அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. லேத்துக்காரன் ஆயுத பூசையை விடுவானா? பட்டறையில் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவன், வீட்டில் கட்டை, பந்து, ஹெல்மெட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, சூடம் காட்டினான். நடுவில் பிளேட்டு. அதற்கு மட்டும் ஐந்து மூலைக்கும் ஐந்து பொட்டு.

யாருக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. பங்குனியில் கண்மாய் வற்றி லீக் தொடங்கி, முதல் ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் தெரிந்தது. கப்பலூர்ப் பையன் மொக்கையன் நாலு மூலையும் சுற்றி மூச்சு வாங்க ஓடி வந்தவன், பிளேட்டுக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டான்.

“மிதிடா!” என்று கத்தினான் கருத்தக்கண்ணன்.

“அண்ணே, பொட்டு இருக்குண்ணே!”

“அதுனால என்னடா?”

“ஷூக்கால வச்சு எப்படிண்ணே மிதிக்கிறது? நீங்க வேணா வந்து மிதிங்க!”

கருத்தக்கண்ணன் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். மொக்கையன் குனிந்து கையால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டான். காலால் மிதித்தாலும் கையால் தொட்டாலும் ரன்னுதானாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாரும் அப்படியே செய்தார்கள். பெயிண்டு உதிர்ந்தால் புதுசாக அடிப்பார்கள். அடுத்த ஆயுத பூசைக்கு மறுபடி பொட்டு ஏறும். கோரிப்பாளையத்து அபுதாகிர் என்னிடம் சொன்னான், “நாங்க கும்பிட மாட்டோம் பெரியம்மா. அதுக்காக நீங்க பொட்டு வச்சதை மிதிச்சுட்டும் போக மாட்டோம்.” அவன் அணிக்காரர்கள் கையால் தொட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் அபுதாகிர்தான் தொடங்கி வைத்தான். அவன் கேட்ச்சர். ஒருமுறை கையில் பந்து இருந்தும், எதிரே குனிந்தவனைத் தொடாமல் விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, “கும்பிடுறவன் முதுகுல எப்படிண்ணே பந்தை வச்சு இடிக்கிறது?” என்றான். அதுவும் வழக்கமாகிவிட்டது. தொடுவதென்றால் குனிவதற்கு முன்னால் தொட வேண்டும். குனிந்துவிட்டால் விட்டுவிட வேண்டும். எந்த அணியும் இதை மீறியதில்லை.

கருத்தக்கண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். மாநிலச் சங்கம் இந்த லீக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொண்டால் பையன்களுக்கு சர்ட்டிபிகேட் கிடைக்கும். மொக்கையன் போலீஸ் வேலைக்குப் போய் நிற்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது. பல வருஷம் அலைந்த பிறகு போன ஆனி மாதம், இறுதிப் போட்டிக்கு சங்கத்திலிருந்து ஒரு அம்பயரை அனுப்பினார்கள். விக்ரம் என்று பெயர். சின்ன வயசு, கறுப்புக் கண்ணாடி, நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தது. அந்தத் தம்பி பார்த்துச் சரி என்று சொன்னால் லீக் சேர்ந்துவிடும். கருத்தக்கண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான். நானும் போயிருந்தேன். விளையாட்டைப் பார்க்க இல்லை. வெயிலில் அவன் மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே.

கப்பலூருக்கும் கோச்சடைக்கும் போட்டி. கடைசி வரை சமமாகவே வந்தது. மொக்கையன் மூன்றாவது மூலையில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து தரையோடு உருண்டது. மொக்கையன் பறந்து வந்தான். அவன் குனியவும் பந்து கேட்ச்சர் கைக்கு வரவும் சரியாக இருந்தது. கேட்ச்சர் நம் ஸ்ரீகுமார். நீட்டினால் தொட்டுவிடலாம். அவன் பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சும்மா நின்றான். மொக்கையன் பிளேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். கப்பலூர் ஜெயித்தது.

கப்பலூர்க்காரர்கள் குதித்தார்கள். கோச்சடைக்காரர்களும் வந்து மொக்கையன் முதுகில் தட்டினார்கள். அந்தத் தம்பி மட்டும் கண்ணாடியைக் கழற்றினான்.

“கேட்ச்சர், ஏன் டேக் பண்ணல?”

“குனிஞ்சுட்டான் சார்” என்றான் ஸ்ரீகுமார்.

“குனிஞ்சா?”

“குனிஞ்சா தொட மாட்டோம் சார்.”

தம்பியின் முகம் மாறிவிட்டது. “பந்து கையில இருக்கு, ஆள் எதிர்ல இருக்கான், விட்டுக் கொடுக்குறீங்க. பேசி வச்சு ஆடுனதா? நான் இதை அப்படித்தான் ரிப்போர்ட் பண்ணணும்.”

பிச்சுமணி சார் குடையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார். “யாரைப் பார்த்து என்ன சொல்றீங்க? என் பையன் விலை போறவனா?” ஆளாளுக்குப் பேசினார்கள். நான் கருத்தக்கண்ணனைப் பார்த்தேன். போலீஸ் வேலைக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

அவன் சத்தம் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பிளேட்டின் மேல் இருந்த மண்ணைத் துடைத்தான். ஐந்து மூலையிலும் குங்குமம் மங்கலாகத் தெரிந்தது.

“சார், நீங்க என்ன வேணா எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. ஷூக்காலோட இதை ஒரு மிதி மிதிச்சுட்டுப் போய் எழுதுங்க.”

“இதுல என்ன இருக்கு?” என்று தம்பி காலைத் தூக்கினான்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. குனிந்து பொட்டைப் பார்த்தான். காலைப் பக்கத்து மண்ணில் வைத்தான். மறுபடி தூக்கினான். கூட்டம் இன்னும் கிட்டே நெருங்கி வந்தது.

“சும்மா வைங்க சார், ரப்பருதான்” என்றான் கருத்தக்கண்ணன்.

“இருங்க, இருங்க.”

“சார், கேட்ச்சர் வந்துட்டான், சீக்கிரம்!” என்று பின்னாலிருந்து அபுதாகிர் கத்தினான். கோரிப்பாளையம் அரையிறுதியிலேயே தோற்றிருந்தாலும் அணியே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டான். காலைக் கீழே வைத்தவன் ஷூவைக் கழற்றப் போனான், பிறகு அதையும் விட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

“நம்புறேன். யாரும் விலை போகல” என்று ஸ்ரீகுமார் தோளில் கை வைத்தான். பிறகு கருத்தக்கண்ணனைத் தனியே கூப்பிட்டான். தனியே என்றாலும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். “அண்ணே, பசங்க நல்லா ஆடுறாங்க. நான் நல்லபடியா எழுதுறேன். ஆனா இந்தப் பிளேட்டு இருக்கிற வரைக்கும் எந்த கேட்ச்சரும் முழுசா ஆட மாட்டான். வெளியூர் டீம் வந்தா உங்க பசங்க குனிஞ்சே தோத்துருவாங்க. வேற பிளேட்டு போடுங்க. பொட்டு வேணாம்.”

கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு ஸ்கூட்டரிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தான். பிளேட்டைச் சுற்றி மண்ணைக் கிளறத் தொடங்கினான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “டேய்! பொட்டு வச்சதைத் தோண்டுறியா? இத்தனை வருஷம் ஒரு பயலுக்குக் கால் ஒடிஞ்சிருக்கா? எதுனாலன்னு நினைக்கிற?”

“அத்தை, வீட்டுக்குத்தான கொண்டாரேன். நீயே வச்சுக்க. தெனமும் பொட்டு வையி.”

“வைப்பேன்டா! நீ சொல்லணுமா?”

வைத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சாமி மாடத்துக்குக் கீழே அந்தப் பிளேட்டுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஐந்து மூலைக்கும் பொட்டு. புருஷன் சீராக ஒரு சாமியைக் கொண்டுவந்த மாதிரி இருக்கிறது என்று சரண்யாதேவி கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஆவணியில் போன் வந்தது. கருத்தக்கண்ணன் போனை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். நானும் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.

புதுப் பிளேட்டையும் அவனே அறுத்தான். அந்த வருஷ ஆயுத பூசையன்று அவன் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முடியாது. கட்டைக்கும் கையுறைக்கும் சூடம் காட்டிவிட்டு, புதுப் பிளேட்டை மட்டும் பாலிதீன் பையில் சுற்றி, கட்டிலில் மெத்தைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். நான் சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் நாலு தரம் போய் வந்தேன்.

“எங்க அத்தை போறீங்க?”

“ஏன், என் வீட்டுல நான் நடக்கக் கூடாதா மாப்ள?”

பொரியைக்கூட அங்கேயே வாங்கித் தின்றான், எழுந்திருக்கவில்லை.

பங்குனி பிறந்தது. முதல் ஆட்டம். ஸ்கோர் பலகையில் சங்கத்தின் பெயர் எழுதியிருந்தது என்று அஸ்வினி படித்துச் சொன்னாள். கருத்தக்கண்ணன்தான் அம்பயர். மொக்கையன் ஓடி வந்தான். ஸ்ரீகுமார் இந்தத் தடவை காத்திருக்கவில்லை, பந்தோடு அவன் மேலேயே பாய்ந்தான். ஒரு நொடி முந்தி மொக்கையன் ஷூக்காலால் பிளேட்டை ஓங்கி மிதித்தான்.

“சேஃப்!” என்றான் கருத்தக்கண்ணன். அவுட்டில்லை என்று அர்த்தம்.

மொக்கையன் ஓடிய வேகத்தில் பத்தடி தள்ளிப் போய் நின்றான். திரும்பி வந்தான். குனிந்து, மிதித்த இடத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்த ஸ்ரீகுமார், தன் கால் பட்டுவிட்டது என்று அவனும் ஒருமுறை தொட்டு ஒற்றிக்கொண்டான்.

கருத்தக்கண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி, குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். பிறகு ஆட்டத்தை நிறுத்தினான். பிளேட்டருகே மண்டியிட்டு, பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்தான். ஐந்து மூலையையும் விரலால் தேய்த்தான். விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

நான் பொட்டு வைக்கவில்லை. எத்தனை தரம் சொல்லியும் அவன் நம்பவில்லை.