உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு லொறி

நான் கார் கழுவப் போனால் மகனுக்கு எரிச்சல் வரும். மேலே கழுவினால் பரவாயில்லை. அடியைக் கழுவுவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. இந்தக் கனடாவில் பனிக்காலம் வந்தால் ஐஸ் உருகட்டும் என்று வீதி முழுக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அது காரின் அடியில் தெறித்து, காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். போன சனிக்கிழமை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. காசு போட்டால் தண்ணீர் பீச்சும் இடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். குழாயைத் தாழப் பிடித்து, டயர்ச் சில்லுக்கு உட்பக்கம், சேசி என்கிற அடிச்சட்டத்தின் ஓரம் எல்லாம் அடித்தேன். பிறகு பழக்கதோஷம், அடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன்.

"அப்பா! என்ன செய்றீங்க?" என்று கத்தினான். பக்கத்துக் காரிலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணியும் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கரித்தது. இன்னொரு தரம் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். காரை விட்டுவிட்டு என்னைத்தான் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவன் நினைத்திருப்பான்.

இந்தக் கிறுக்கை எனக்குத் தொற்றவைத்தவர் இலங்கையில், உக்குவளையில் இருந்த என் அக்கா புருஷன். அவரிடம் ஒரு பழைய லொறி இருந்தது. அவர் டிரைவர், நான் கிளீனர். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவன் கிளீனர் வேலை செய்வதா என்று ஊரில் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் வேறு வேலை தரவில்லை. திருகோணமலைப் பக்கம் போய் உப்பு ஏற்றிக்கொண்டு, ஹபரணை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வருவோம். மூட்டையிலிருந்து வழி நெடுக உப்புத்தண்ணீர் ஒழுகி அடி இரும்பை அரிக்கும். சரக்கை இறக்கியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், லொறியை நேரே சுதுகங்கைக்குத்தான் விடுவார். ஆழமில்லாத இடத்தில் நிறுத்தி, தேங்காய்த் தும்பால் அடியைத் தேய்த்துக் கழுவுவோம். ஈர இரும்பும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மச்சானின் சட்டையில் எப்போதும் இருக்கும். அந்தச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அக்கா லொறியைத் திட்டுவாள்.

கழுவி முடிந்ததும் பரீட்சை. "நாக்குல வச்சுப் பாருடா. கரிச்சா இன்னொரு தடவ கழுவு" என்பார். மாத்தளை மாவட்டத்திலேயே லொறியை ருசி பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

அவர் அப்படி மெனக்கெட்டதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட பிரஜாவுரிமை என்ற கூத்தில் எனக்கு இலங்கை கிடைத்தது, மச்சானுக்கு இந்தியா கிடைத்தது. அக்கா இலங்கையில்தான் பிறந்தாள், ஆனால் புருஷனோடு சேர்த்து அவளையும் இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள். இரண்டு பேரும் இந்தியாவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. பாஸ்போர்ட் வந்து பெட்டிக்குள் கிடந்தது. "லொறி ஓடுற வரைக்கும் நான் கப்பல் ஏற மாட்டேன்" என்று மச்சான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். லொறி ஓடினால் அக்கா என்னோடு இருப்பாள். எனக்கு அந்தக் கணக்கு ஒன்றுதான் தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் மாத்தளைக்கு வந்தபோது நாங்கள் உப்போடு ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். டவுன் பக்கம் புகை எழும்பியது. எங்களிடம் உப்பு வாங்கும் கடைக்காரர் ஹனீபா நானா வீதிக்கே ஓடிவந்து மறித்தார். "லொறிய என்ட ஸ்டோருக்குள்ள விடுங்க. நீங்க மேல தோட்டத்துப் பக்கம் போய்டுங்க" என்றார். அக்காவை, அந்தப் பெட்டியோடு, கூட்டிக்கொண்டு எல்கடுவ தோட்டத்தில் சின்னம்மாவின் லயத்து வீட்டுக்கு ஏறினோம். நாங்கள் குடியிருந்த வீட்டை அன்றைக்கே கொளுத்திவிட்டார்கள்.

பயம் தெளிந்து நாங்கள் இறங்கி வரத் தை மாதமாகிவிட்டது. நானா சிரித்துக்கொண்டே ஸ்டோரைத் திறந்தார். உள்ளே லொறியைக் காணோம். வாசலிலிருந்து கூரை வரை உப்பு மூட்டைகள்தான் இருந்தன. எங்கள் மூட்டைகளையே இறக்கி, லொறியைச் சுற்றிச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்.

"கொளுத்த வந்தவனுவ உள்ள என்னன்னு கேட்டானுவ. லுணு, வெறும் உப்புன்னு சொன்னேன். ஒரு மூட்டையக் குத்திப் பார்த்தானுவ. உப்பு கொட்டிச்சு, போய்ட்டானுவ. ஒங்கட லொறி அப்படியே ஈக்குது தம்பி."

எல்லாம் அடங்கின பிறகும், யார் கண்ணாவது படும் என்று ஒரு மூட்டையைக்கூட அவர் விற்கவில்லை. மூட்டைகளை நகர்த்தினோம். மேல்பக்கம் பெயின்ட் மின்னியது. இடுக்கு வழியாகப் புகுந்து துடைத்திருக்கிறார் மனிதர். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கீழே குனிந்தார். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் உப்பெல்லாம் கசிந்து, தரையில் குட்டை கட்டியிருந்தது. சேசியைத் தொட்டார். அது தகடு தகடாகக் கையோடு வந்தது. ருசி பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

கையில் வந்ததை நானா பார்க்குமுன் மடிக்குள் மறைத்தார். கங்கைக்குக் கொண்டுபோய்க் கழுவினோம், சுரண்டினோம், எண்ணெய் பூசினோம். "ஓடும்டா, ஓடும்" என்று என்னிடம் சொன்னாரா, லொறியிடம் சொன்னாரா, தெரியாது. முதல் லோடிலேயே, நாலந்தைப் பக்கம் ஒரு வளைவில், நடு முதுகில் முறிந்தது. அங்கேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். அக்கா பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தாள்.

மச்சான் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "நானாவுக்குத் தெரியக் கூடாது. வித்துட்டோம்னு சொல்லு."

உக்குவளை ஸ்டேஷனுக்கு நானா தொதல் இனிப்புப் பொதியோடு வந்திருந்தார். அக்காவும் மச்சானும் தலைமன்னார் போய்க் கப்பல் ஏற வேண்டும். பிளாட்போரம் முழுக்க ஒரே அழுகை. அந்தக் கோச்சியில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் இன்னும் பல பேர் இருந்தார்கள். நானா ஜன்னலோரம் வந்து கேட்டார்.

"லொறிக்கு நல்ல வெல கெடச்சிச்சா?"

"நல்ல வெல நானா. எல்லாம் நீங்க காப்பாத்திக் குடுத்ததாலதான்" என்றார் மச்சான்.

நானாவின் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா ஜன்னல் வழியாக என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

அந்தக் கப்பல் அந்த வருஷத்தோடு நின்றுபோனது. நானா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். ஸ்டோர் இருந்த இடத்தில் யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்களாம். மச்சான் இந்தியாவில், கோத்தகிரியில், யாருடைய லொறிக்கோ சம்பளத்துக்கு ஓடிச் செத்தார். நான் எவ்வளவோ பின்னால் அங்கே போய்ச் சேர்ந்தபோது அக்காவும் இல்லை. கொளுத்த வந்தவர்களை என்னால் இன்றைக்கும் வாய் நிறையத் திட்ட முடிகிறது. லொறியை உப்புக்குள் ஒளித்துவைத்து அக்காவை என்னிடமிருந்து பிரித்ததற்கு நானாவைத் திட்டத்தான் வாய் வரவில்லை. அதனால் அந்தக் கோபம் இன்னும் எனக்குள்ளேயே கிடக்கிறது. அந்த ஸ்டேஷனில் என் கையை விட்டபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.