சரஸ்வதி மேடம் வரைந்த மூன்றாவது கட்டம்

நஞ்சன்கூட்டில் எங்கள் தொழிற்சாலை தொடங்கிய நாள்முதல் தீராமல் கிடந்த ஒரு பிரச்சினைக்குச் சென்ற வியாழக்கிழமை முடிவு காணப்பட்டது. காலைக் காபி இனிப் பதினோரு மணிக்கு அல்ல, பத்தே முக்காலுக்கு. துறைத் தலைவர்கள் நால்வர் இரண்டு கூட்டங்களில் விவாதித்து எடுத்த முடிவு. நிர்வாகப் பிரிவின் சார்பில் சுற்றறிக்கையில் கையெழுத்திட நான் பேனாவைத் திறந்தபோது மைசூரிலிருந்து தொலைபேசி வந்தது. அங்குள்ள தமது விஜயநகர் வீட்டில், மாரடைப்பில், சரஸ்வதி மேடம் காலமாகிவிட்டார். வயது நாற்பத்திரண்டு. பேனாவை மூடிவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கொள்ளேகாலத்துக்காரர், எங்கள் கொதிகலன் பிரிவின் பொறியாளர். அந்த வேலைக்கு விளம்பரம் எழுதியவன் நான். தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, உடனடியாக முடிவெடுக்கும் திறன், சரளமான ஆங்கிலம் என்று ஒரு பொறியாளருக்கு வேண்டிய அனைத்தையும் கேட்டிருந்தேன். கொதிகலனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, இடம் போதவில்லை.

நேர்முகத்தில் மேலாளர் அந்தப் பட்டியலைக் காட்டி, “இதுல உங்ககிட்ட எதும்மா அதிகம்?” என்றார்.

“எதுவும் அதிகமில்லீங்க. பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

நகைச்சுவை என்று நினைத்து மேலாளர் சிரித்தார். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு வேலை கிடைத்தது.

புதிய இயந்திரம் எதையும் ஓட்டுவதற்குமுன் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று எங்களிடம் உண்டு. நாற்பது வரிகள், எதிரே ‘சரி’, ‘சரியில்லை’ என இரண்டு கட்டங்கள். அனுபவசாலிகள் முதல் வரியில் ஒரு டிக் அடித்து, அங்கிருந்து பக்கத்தின் அடிவரை நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டின் நேர்த்தியை வைத்தே ஒருவருடைய பணிமூப்பைச் சொல்லிவிடலாம். மேடம் சேர்ந்த வாரமே ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். மேலே ‘தெரியவில்லை’ என்று எழுதினார்.

“இது எதுக்கு மேடம்?” என்று கேட்டேன்.

“சரின்னு போடறதுக்கும் பார்த்திருக்கோணும், சரியில்லைன்னு போடறதுக்கும் பார்த்திருக்கோணும். பார்க்காததை எங்கீங்க போடறது?”

மூன்று கட்டங்களோடு அந்தப் படிவத்தை அப்படியே கோப்பில் சேர்த்தேன்.

அவருடைய ஆறாவது மாதத்தில் புதிய கொதிகலன் வந்தது. தொடக்க விழாவுக்குப் பெங்களூரிலிருந்து இயக்குநர் வந்திருந்தார். பந்தல், நாதஸ்வரம், பதினொன்று பத்துக்கு முகூர்த்தம். பத்தரை மணிக்கு மேடம் நீட்டிய படிவத்தில் முப்பத்தொன்பது ‘சரி’, ஒரு ‘தெரியவில்லை’. அந்த ஒன்று சேஃப்டி வால்வ். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுவது அதுதான். திறக்காவிட்டால் கொதிகலன் வெடிக்கும். முந்தைய நாள் மாலைதான் அது வந்து பொருத்தப்பட்டிருந்தது.

“இந்த ஒண்ணுல மட்டும் என்னம்மா கஞ்சத்தனம்?” என்றார் மேலாளர். “அனுப்பினவன் சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்கானே.”

“சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துட்டேனுங்க. வால்வைப் பார்க்கலீங்க.”

“அடுத்த வாரம் உங்க ஃபைல் என் மேஜைக்கு வருது. நிரந்தரமா, இல்லையான்னு நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்குதுங்க. இதுக்குப் பக்கத்துல எட்டு மணி நேரம் மாதப்பா நிக்கோணும். அதும் ஞாபகம் இருக்குதுங்க.”

கொதிகலனுக்கு நெருப்பிட வேண்டிய மாதப்பா தொண்டையைச் செருமினார். “அல்ல சார், ஒருவாட்டி தெறந்து பாத்துடலாமே. இந்த வருஷம்தான் வீட்டுக்கு ஓடு மாத்தியிருக்கேன், அதுக்குக் கீழ கொஞ்ச நாளாவது இருக்கணும்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பேனருடன் ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பொறியியல் துறைக்கு நான் ஆற்றிய ஒரே பணி அது. வெளியே நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டு வேலையில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நான் நின்ற முதல் காலை அது.

வால்வின் மூடி கழன்றது. உள்ளே ஒரு போல்ட். லாரியில் ஆடாமல் இருக்க மேலிருந்து அழுத்தி இறுக்கிவைத்திருந்தார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள். அது இருக்கும்வரை எவ்வளவு அழுத்தம் வந்தாலும் வால்வ் திறக்காது. மேடம் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு ‘தெரியவில்லை’யை அடித்துவிட்டு, ‘சரியில்லை’யில் டிக் போட்டார்.

இயக்குநர் தேங்காய் உடைத்தார், ரிப்பன் வெட்டினார், சாப்பிட்டார், போனார். கொதிகலன் குளிர்ந்தே இருந்தது. வால்வைச் சரிசெய்து, இரண்டு நாள் கழித்து, நல்ல ராகுகாலத்தில் நெருப்பிட்டார்கள். அழுத்தம் ஏறியது. முள் குறித்த இடத்தைத் தொட்டதும் வால்வ் திறந்து நீராவி கூரைவரை சீறியது. மாதப்பா விசில் அடித்தார். நானும் அடித்தேன், அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடம் மட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூடுதான்னும் பார்க்கோணுமுங்க” என்றார். மூடியது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: எந்தக் காகிதத்திலும் நான் இப்போது நீளக் கோடு இழுப்பதில்லை. ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். இதனால் கோப்புகள் தேங்குவதாக என்மீது புகார்கள் இருக்கின்றன, அவை நியாயமானவை.

அந்தக் கொதிகலன் இன்றும் ஓடுகிறது. விழா நடந்த மாதத்தின் கடைசி நாளில் சரஸ்வதி மேடத்தின் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.