பண்ணை வீட்டுத் தெருவில் ஒரு சைக்கிள்

குடவாசலைத் தாண்டியதும் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் எங்கள் கார் மாட்டிக்கொள்கிறது. எனக்கோ மயிலாடுதுறையில் ரயிலைப் பிடித்தாக வேண்டும். பேண்டு முழங்குகிறது. பூ ஜோடித்த காரில் மாப்பிள்ளையும் பெண்ணும். அந்தக் காருக்கு முன்னால் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அரதப் பழசான சைக்கிளில் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போகிறார்.

எரிச்சலோடு இறங்கி, ஊர்வலத்தில் வரும் ஒரு அம்மாவிடம் விசாரிக்கிறேன்.

"மாப்பிள்ளையோட அப்பாங்க. பண்ணையில வேலை பாத்தவரு. இது பண்ணை வீட்டுத் தெரு. அப்பல்லாம் எங்க ஆளுங்க இதுல சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போவணும். பள்ளத்துல எறங்கி மணிச் சத்தம் கேட்டாக்கூட மரத்துல கட்டி வச்சிடுவாங்க. அதுக்குப் பயந்து மணிய உள்ளங்கையால பொத்திக்குவாங்க. இப்ப மவன் சிங்கப்பூர்ல சம்பாதிக்கிறான். இவரு, காரு வேணாம், சைக்கிள்லதான் வருவேன்னுட்டாரு."

சொல்லி வாய் மூடவில்லை, தூண் வைத்த பெரிய வீடு வருகிறது. வாசலில் ஒரு ஆள் இல்லை. ஆனால் மணிச் சத்தம் நின்றுவிடுகிறது. பெரியவர் இறங்கி, மணியைப் பொத்திக்கொண்டு சைக்கிளை உருட்டுகிறார். பேண்டும் ஓய்கிறது.

"மாமா, ஏறுங்க!" காரிலிருந்து தலையை நீட்டிக் கத்துகிறாள் கல்யாணப் பெண்.

பெரியவர் குனிந்து தன் கால்களைப் பார்க்கிறார். அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. சைக்கிளைத் திருப்புகிறார்.

"இது செல்லாது. எல்லாரும் பின்னாடி போங்க. தெரு முனையிலேருந்து மறுபடி வரேன்."

நான் ஓடிப்போய், காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி எங்கள் டிரைவருக்குக் கை காட்டுகிறேன்.