தகரத்தில் மூன்று வெட்டு

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்துவிட்டது. அவருடைய முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளியிறுதி வரை படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். அண்ணனின் நல்ல குணங்களை எழுதுவது எளிது. அதோடு, நான் இத்தனை நாள் சொல்லாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் முசரவாக்கத்தில் பிறந்தார். அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்தவர். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. நான் தொட்டில் பிள்ளை. காஞ்சிபுரத்தில் லாரி பழுது பார்க்கும் ஒரு கொட்டகையில், மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் வேலைக்கு அண்ணன் சேர்ந்தார். அம்மாவையும் பிறகு எங்கள் எல்லோரையும் அந்த வேலைதான் காப்பாற்றியது. இருபது வயதுக்குள் அவர் இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்து வாசலுக்கு அவர் போனதெல்லாம் என்னை சைக்கிளில் கொண்டுபோய் விடத்தான். நான் முதல் வகுப்பில் எழுதிய சிலேட்டை, அழித்துவிடாமல் இருக்கட்டும் என்று இரண்டு நாள் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். அம்மா சொல்லியிருக்கிறார்.

வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் நயினார் ஐயாவை உங்களில் பலர் அறிவீர்கள். அவருடைய தகப்பனார் சீமையிலிருந்து கப்பலில் தருவித்த கார் ஒன்று, மில்லின் பின்புறம் உமி மூட்டைகளுக்கு நடுவே பல வருடம் கிடந்தது. அதை வந்த நாளில் இருந்தது போலவே ஆக்கித் தர வேண்டும் என்று ஐயா அண்ணனிடம் கேட்டார். சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கொருமுறை ஒரு மைதானத்தில் கூடுவார்கள். எந்தக் கார் பழையபடியே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். “மேஸ்திரி, நம்ம வண்டி அங்க நின்னுதுன்னா, மெட்ராஸ்ல மூணு பேர் அவங்க வண்டிய உங்ககிட்ட விடத் தயாரா இருக்காங்க” என்றார் ஐயா. தனியாக ஒரு ஷெட் போடுவது அண்ணனின் ஒரே ஆசை. அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை.

ஒன்றரை ஆண்டில் கார் எழுந்து நின்றது. மிச்சம் இருந்தது ஒரு காகிதம். பானெட்டின் உட்புறத்தில், எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. பாதி கிழிந்து, பாதி கரைந்து போயிருந்தது. நான் அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படியெடுத்தேன். பட்டுப்புடவைப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் அதே நிறத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். அதை எதைக் கொண்டு ஒட்டுவது என்பதுதான் கேள்வி. இன்ஜின் சூடு அடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். மழையில் ஈரமும் சேரும்.

மர வேலைக்காரர்கள் பயன்படுத்தும் வச்சிரம் நிற்கும் என்று அண்ணன் சொன்னார். நயினார் ஐயா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “தோலும் எலும்பும் காய்ச்சின பசை எங்கப்பா கார்ல ஏறக் கூடாது மேஸ்திரி. வேற எதுன்னாலும் சரி.” ஐயா சமணர். அண்ணன் உடனே வச்சிரப் பேச்சை விட்டுவிட்டார்.

வேறு நான்கு பசைகளை எடுத்துக்கொண்டார்: மைதாப் பசை, கருவேலம்பிசின், புளியங்கொட்டைப் பசை, டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கித் தின்ற காலம் அது. அண்ணி அடுப்படியில் நின்று, “மனுசனுக்கே மாவு இல்ல, காருக்குக் கூழு காய்ச்சிக்கினு இருக்காரு பாரு” என்று இடித்தார். “கூழு ஊத்தினா அது மெட்ராஸ் வரிக்கும் போவும். நீ போவியா?” என்றார் அண்ணன்.

காருக்கு அடித்த அதே பெயின்ட்டை நான்கு தகரத் துண்டுகளில் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பசையால் காகிதம் ஒட்டினார். வாலாஜாபாத்துக்குப் போய்வரும் பஸ்ஸின் டிரைவர் அவருக்குச் சிநேகிதர். அந்தப் பஸ்ஸின் பானெட்டுக்குள் நான்கையும் கம்பியால் கட்டிவிட்டார். மூன்று மாதம் அவை தினமும் போய் வந்தன. எது எந்தப் பசை என்று தெரிய, காகிதத்தின் மூலையில் கத்தரியால் வெட்டி வைத்திருந்தார். மைதாவுக்கு ஒரு வெட்டு, பிசினுக்கு இரண்டு, புளியங்கொட்டைக்கு மூன்று, சொல்யூஷனுக்கு நான்கு. அண்ணனின் எழுத்து அதுதான்.

தகரங்கள் வீட்டுக்கு வந்தன. மறுநாள் நயினார் ஐயா பார்க்க வருவதாக இருந்தது. தினமும் ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவர் முன்னால், எழுதத் தெரியாதவர் வீட்டு அடையாளம் போல அந்த வெட்டுகள் இருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. பிளேடால் மூலைகளை நேராக நறுக்கினேன். பிறகு ஒவ்வொன்றிலும் பசையின் பெயரை மையால் அழகாக எழுதினேன். மைதாவைப் பூச்சி தின்றிருந்தது. சொல்யூஷன் காகிதத்தைப் பழுப்பாக்கியிருந்தது. அவற்றில் சந்தேகம் இல்லை. மற்ற இரண்டில் ஒன்று வெடித்துப் பெயர்ந்திருந்தது, ஒன்று புதிதாக ஒட்டியது போல் இருந்தது. வெட்டுகளை எண்ணிவிட்டுத்தான் நறுக்கினேன் என்று நம்பினேன். எங்கள் பள்ளி ஆபீசில் பிசின்தான் பாட்டிலில் வைத்திருப்பார்கள். நன்றாக நின்றதன் மேல் ‘கருவேலம்பிசின்’ என்று எழுதினேன்.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது இன்னா பாப்பா?”

“பிசின்.”

“பிசினா? எனக்கு இன்னாவோ புளியங்கொட்ட மாதிரி தோணுதேம்மா.”

“உனக்குத் தோணும்ணா. எழுதி இருக்குது பாரு.”

“எழுதி இருக்குதா?” என்றார். “அப்ப சரி.”

அந்தப் பிசினால்தான் ஒட்டினார். சென்னைக்கு நானும் போனேன். வெயிலில் கார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மைதானத்தில் பரிசோதிக்க வந்தவர் பானெட்டைத் தூக்கியதும், சீட்டு காய்ந்த இலை போலக் கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர், “காஞ்சிபுரம் வண்டியாச்சே, புடவைப் பெட்டி லேபிளா?” என்றார். சிரித்தார்கள். அண்ணன் குனிந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வெட்டுகளை மனத்தில் எண்ணிப் பார்த்தேன். நன்றாக நின்ற தகரத்தில் இருந்தது மூன்று வெட்டு என்று வாலாஜாபாத் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. “சூடு ஜாஸ்தி பாப்பா, வேற ஒண்ணுமில்ல” என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை.

சென்னையிலிருந்து யாரும் காரைக் கொண்டுவரவில்லை. ஷெட் எழவில்லை. அண்ணன் லாரி வேலைக்கே போனார். நம் உறவினர் சிலர் அவருக்கு ‘பசை மேஸ்திரி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர், “இன்னாப்பா, இலையாவது ஒட்டுமா, பறக்குமா?” என்று கேட்டபோது நான் அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அவர் காசில்தான் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஓரிக்கைப் பள்ளியில் வேலையும் பெற்றேன்.

எட்டு ஆண்டுகள் போயின. நெஞ்சில் சளி கட்டி அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பதினொரு நாள் பக்கத்தில் இருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். கடைசி நாள் பிற்பகலில் மருந்துப் பாட்டிலைக் காட்டி, “இன்னா எழுதி இருக்குது பாப்பா?” என்றார். படித்துச் சொன்னேன். “எழுதி இருக்குதுல்ல, சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அண்ணி பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே அந்தத் தகரங்கள். என் எழுத்து அப்படியே இருந்தது. நான் ‘கருவேலம்பிசின்’ என்று எழுதிய தகரத்தின் ஓரத்தில் மூன்று வெட்டு. ‘புளியங்கொட்டை’ என்று எழுதியதில் இரண்டு. இம்முறை காகிதத்தை அல்ல, யாரும் நறுக்க முடியாதபடி தகரத்தையே வெட்டியிருந்தார்.

“மெட்ராஸ்லேர்ந்து வந்த உடனே ரெண்டு பசையையும் புதுசா ஒட்டி பஸ்ஸுல கட்டி அனுப்பினாரு” என்றார் அண்ணி. “இன்னாத்துக்குன்னு கேட்டேன். ‘பாப்பாகிட்ட சொல்லாத, பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்குது’ன்னாரு.”

சென்ற மாதம் வாலாஜாபாத் சென்று நயினார் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் காரிடம் அழைத்துப் போனார். பிறகு, “அந்த வருசமே வந்து புளியங்கொட்டைப் பசையில வேற சீட்டு ஒட்டிட்டுப் போனாரும்மா. ‘என் கைத் தப்பு ஐயா’ன்னுதான் சொன்னாரு” என்றார். பானெட்டைத் தூக்கிக் காட்டினார். சீட்டின் ஓரத்தில் என் நகம் நுழையவில்லை.

அண்ணனுடைய கையில் தப்பில்லை. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் இனி அதை என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குத்தான் அது சேரும்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் வெந்நீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தன் பஸ்ஸிலேயே எங்களை ஏற்றிப் போய் வந்த டிரைவர் அண்ணனுக்கும், நயினார் ஐயாவுக்கும், அன்று அந்தச் சீட்டையும் இன்று இந்த மலரையும் அச்சிட்ட அச்சகத்தாருக்கும், இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்குச் சோறு போட்ட அண்ணிக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரின் மூலையில் மூன்று வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அச்சகத்தாரின் பிழை அல்ல. அண்ணனுடைய கத்தரியால் நானும் அண்ணியும் ஒவ்வொரு பிரதியிலும் வெட்டியது. தயவுசெய்து யாரும் அந்த மூலையை நேராக நறுக்கிவிட வேண்டாம்.